காப்பவர் வகுத்த தாக்கு வியூகம்



அமெரிக்காவில் கால்பந்து என்று சொன்னால், நாம் ஆடும் ஆட்டத்தை எவரும் நினைப்பதில்லை. அங்கே அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். பந்து உருண்டையன்று; இரு முனையும் கூர்ந்து நீண்டிருக்கும். அதைக் காலால் உதைப்பது எப்போதோ ஒரு முறைதான். கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், முன்னே செல்லும் தோழனுக்கு எறிவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. அணிக்கு 11 பேர். களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை உடைய அணிக்கு 4 முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் 4 முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் தாண்டினால் 6 புள்ளிகள்.

ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆட்டம் நின்றுவிடுகிறது. அந்தச் சிறு பொழுதில் இரு தரப்பினரும் தத்தம் வியூகத்தை முடிவு செய்கின்றனர். எனவே, இதில் உடல் வலிமைக்கு உள்ள இடம் சிந்தனைக்கும் உண்டு. களத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் மூளையே பாதி ஆட்டத்தை ஆடிவிடுகிறது என்றால் மிகையாகாது.

அத்தகைய பயிற்சியாளர் ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் பெயர் லவெல் எட்வர்ட்ஸ். யூட்டா மாநிலத்தில் பிரோவோ என்னும் ஊரிலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் அணியை 1972 முதல் 2000 வரை 29 ஆண்டுகள் நடத்தியவர். அவர் கண்ட வெற்றிகள் 257, தோல்விகள் 101, சமனாக முடிந்த ஆட்டங்கள் 3. பந்தெறிந்து தாக்கும் முறையைக் கல்லூரி ஆட்டத்தில் நிலைபெறச் செய்தவர் என்று அவரைப் போற்றுகின்றனர். ஆனால், தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்கு முன் அக்கல்லூரியில் அவர் கற்பித்தது தாக்குதலை அன்று, காவலை! இந்த முரண்தான் அவர்பால் என்னை ஈர்த்தது.

முன்நோக்கிப் பந்தெறிவது அவர் கண்டுபிடித்ததன்று. தொடக்கத்தில் அது விதிப்படி தடை செய்யப்பட்டிருந்தது. இரு அணிகளும் ஒரே இடத்தில் நெருங்கி மோதிக்கொண்டதால் இளைஞர் பலர் உயிரிழந்தனர். 1905-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டு, பந்தை முன்னே எறிய இசைவு கிடைத்தது. 1913-இல் நோட்டர்டாம் அணி, எறிபந்தின் துணைகொண்டு ராணுவக் கல்லூரியின் வலிய அணியை 35-13 என்று வென்று நாட்டையே வியக்க வைத்தது.

இவ்வளவு நடந்தும், அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், பெருங்கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் எறிபந்தை ஐயத்தோடுதான் நோக்கினர். பந்தை எறிந்தால் மூன்று நிகழலாம்: தோழன் பிடிக்கலாம், பந்து தரையில் விழலாம், எதிரி பறித்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு கேடு என்பது அவர்கள் கணக்கு. ஆகவே, பெருத்த உடலினரை முன்னே நிறுத்தி, விரைந்தோடும் ஒருவனிடம் பந்தைக் கொடுத்து, இடித்துக்கொண்டு செல்வதே ஆண்மையான ஆட்டம் என்று கருதினர். அக்கணக்கில் பிழையில்லை, ஆனால், அது வலியவனின் கணக்கு. வலுக்குறைந்தவன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், தோல்வியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவன் ஆகிறான்.

எட்வர்ட்ஸ் 1930-இல் பிரோவோவை அடுத்த ஓரெம் என்னும் ஊரில், 14 மக்கள் கொண்ட குடும்பத்தில் எட்டாமவராகப் பிறந்தார். சால்ட் லேக் நகரின் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 1962-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அக்கல்லூரி மார்மன் திருச்சபையினுடையது. மதுவும் புகையும் மட்டுமல்ல, காப்பியும் தேநீரும்கூட அங்கே விலக்கப்பட்டவை. மாணவர் பலர் படிப்பை இடையில் நிறுத்தி, இரண்டாண்டுகள் சமயப் பணிக்குப் போய்விடுவர். நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் இத்தகைய கட்டுப்பாடுகளைத் தேடி வருவார்களா? பெருங்கல்லூரிகளோடு உடலுக்கு உடல் மோதி வெல்லக்கூடிய வீரர் கூட்டம் அங்கே எந்நாளும் திரளப் போவதில்லை என்பது தெளிவு.

துணைவராக இருந்த பத்தாண்டுகளில் எட்வர்ட்ஸ் இரண்டைக் கண்டார். முதலாவது, 1965-இல் அக்கல்லூரி தன் வட்டாரப் பட்டத்தை முதன்முதலாக வென்றபோது, அதன் தாக்குதலை நடத்தியவர் வர்ஜில் கார்ட்டர் என்னும் சிறந்த எறிவீரர். இரண்டாவது, காவல் பயிற்சியாளராகத் தாம் பட்ட தொல்லை. பந்தெடுத்து ஓடும் அணிகளை வாரந்தோறும் சந்திப்பவர்க்கு அவற்றைத் தடுக்கும் வகை கைப்பழக்கமாகிவிடும். நன்கு பந்தெறியும் அணியோ எப்போதேனும் ஒன்றுதான் எதிர்ப்படும். அந்த ஒரு வாரத்தில், அதுவரை கற்பித்ததையெல்லாம் மாற்றிக் கற்பிக்க வேண்டும். அந்த வாரங்கள்தாம் அவருக்குப் பெருந்துன்பம் தந்தவை. வீட்டைக் காப்பவனுக்குத்தானே திருடன் எவ்வழியே நுழைவான் என்ற அச்சம் நன்கு தெரியும்!

1972-இல் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. முன்னிருந்தவர்கள் வழக்கமான முறையில் ஆடித் தோற்று நீங்கியவர்கள். தாமும் அவ்வாறே ஆடினால் அவ்வாறே நீங்க வேண்டியிருக்கும். எப்படியும் போகப் போகிறவன் புதியதொன்றைச் செய்து பார்த்துவிட்டுப் போகலாமே என்று அவர் எண்ணினாராம். டென்னசி பல்கலைக்கழகத்தில் எறிவீரராக இருந்த டூயி வாரன் என்பவரை, எறிபந்தைக் கற்பிப்பதற்காகவே அழைத்து வந்தார்.

இங்கே ஒரு வேடிக்கை நேர்ந்தது. அந்த முதல் ஆண்டிலேயே, அவருடைய அணியில் பீட் வான் வால்கன்பர்க் என்ற ஓட்டக்காரர் நாட்டிலேயே மிகுதியான கெஜங்கள் ஓடி முதலிடம் பெற்றார். அணியும் 7 ஆட்டங்களில் வென்றது. வேறொருவராயின், ‘எறிபந்து எதற்கு? ஓடியே பிழைப்போம்’ என்று திட்டத்தைச் சுருட்டி வைத்திருப்பார். எட்வர்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஓட்டக்காரர் படிப்பு முடிந்து போய்விடுவார். அவரைப் போல் இன்னொருவர் வருவார் என்று எவர் உறுதி கூற இயலும்? ஆகவே, 1973-இல் எறிபந்துக்கே முழுமையாகத் திரும்பினார். விளைவு: 5 வெற்றி, 6 தோல்வி. 29 ஆண்டுகளில் தோல்விகள் வெற்றிகளை விஞ்சிய ஒரே ஆண்டு அதுதான்.

1974-ஆம் ஆண்டின் தொடக்கம் இன்னும் மோசம். முதல் 3 ஆட்டங்களில் தோல்வி. நான்காவது, கைக்கெட்டிய வெற்றி நழுவிச் சமனாக முடிந்தது. மாணவ நண்பர்களே, அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது பின்னாளில் வந்த கோப்பைகளையல்ல. இந்த நான்கு வாரங்களைத்தான். புதுமுறையைக் கைவிடுவதற்கு அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவர் கைவிடவில்லை. கேரி ஷைடு என்னும் இளைஞர் பந்தெறிய, அடுத்த 7 ஆட்டங்களையும் அந்த அணி வரிசையாக வென்றது.

அவருடைய முறைதான் என்ன? தொலைவில் எறிந்து ஒரே வீச்சில் கோட்டையைப் பிடிப்பதன்று. 5 கெஜம், 6 கெஜம் என்று சிறுசிறு எறிகள். பிறர் ஓடிப் பெறும் முன்னேற்றத்தை இவர் எறிந்து பெற்றார். வழக்கமாகப் பந்தைச் சுமந்தோடும் பின்வரிசை வீரரும் இங்கே பந்தைப் பிடிப்பவராக மாறினார். முன்வரிசையினரின் முதற்கடமை, எறிவீரரைச் சுற்றி அரண்போல் நின்று, அவர் நோக்கவும் தேர்ந்தெடுக்கவும் வேண்டிய சில நொடிகளைப் பெற்றுத் தருவது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். வலப்புறத்திலிருந்து ஒருவரும் இடப்புறத்திலிருந்து ஒருவரும் களத்தின் குறுக்கே எதிரெதிராக ஓடுகின்றனர். நடுவில், தோளோடு தோள் உரசுமளவு நெருங்கிக் கடக்கின்றனர். அவர்களைத் துரத்தி வரும் காவலர் இருவரும் குறுகிய சந்தில் எதிர்ப்பட்ட இரு வண்டிகளைப் போல் சிக்கிக்கொள்கின்றனர். அல்லது முட்டிக்கொள்ளாதிருக்க ஒரு கணம் தயங்குகின்றனர். அந்த ஒரு கணம் போதும். காவலர்கள் துரத்தாமல் தத்தம் இடத்திலேயே நிற்பார்களாயின், ஓடுபவர்கள் இருவர்க்கிடையே உள்ள வெற்றிடத்தில் நின்றுவிடுவர். பந்து அங்கே வரும். காவலர் எதைச் செய்தாலும் அதற்கொரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. காவல் காத்துப் பழகிய மனம்தான் இத்தகைய சூழ்ச்சியின் அருமையை உணரும்.

எட்வர்ட்ஸ் எல்லாவற்றையும் தாமே வரைந்து கொடுத்தார் என்று எண்ண வேண்டா. டக் ஸ்கோவில், டெட் டோல்னர், மைக் ஹோம்கிரன், நார்ம் சௌ என்று வல்லுநர் ஒருவர்பின் ஒருவராக வந்து அந்த முறையைச் செதுக்கினர். ஆள் மாறினாலும் முறை மாறாதபடி பார்த்துக்கொண்டது எட்வர்ட்ஸின் பணி. தம்மினும் ஒரு துறையில் தேர்ந்தவனை அழைத்து வந்து, அவனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, அமைதியாக நிற்பது எளிதன்று. களத்தின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, சிரிப்பறியா முகத்தோடு நிற்கும் அவர் தோற்றம் நாடறிந்தது. நேரில் பழகியவர்களோ அவரை நல்ல நகைச்சுவையாளர் என்பர்.

1980 டிசம்பரில் சான்டியாகோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்தை இங்கே கூற வேண்டும். எதிரணி சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். ஏறக்குறைய 4 நிமிடங்களே எஞ்சியிருந்தபோது எட்வர்ட்ஸின் அணி 45-25 என்று பின்தங்கிக் கிடந்தது. பார்வையாளர்கள் எழுந்து போகத் தொடங்கினர். நான்காம் முயற்சி வந்தது. இனிப் பயனில்லை என்று, பந்தை உதைத்து எதிரியிடம் கொடுத்துவிடப் பயிற்சியாளர்கள் ஆளனுப்பினர். எறிவீரர் ஜிம் மக்மான் களத்தைவிட்டு வெளியேற மறுத்துச் சினந்து கூச்சலிட்டார். மாணவன் ஒருவன் எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியரின் ஆணையை மறுக்கிறான்! எட்வர்ட்ஸ் என்ன செய்தார்? தம் ஆணையைத் திரும்பப் பெற்று, அவரையே ஆடவிட்டார். ஆட்டத்தின் கடைசி முயற்சியில் மக்மான் 40 கெஜத்துக்கும் மேலாக எறிந்த பந்தை, எதிரிகளின் கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பிடித்தார் கிளே பிரவுன். சமன்! கூடுதல் புள்ளிக்கான உதையும் கம்பங்களுக்கிடையே சென்றது. 46-45.

1984-இல் அந்த அணி 13 ஆட்டங்களிலும் வென்று, நாட்டின் முதல் அணி என்ற பட்டத்தைப் பெற்றது. அந்நாளில் பட்டம் வாக்கெடுப்பால் முடிவு செய்யப்பட்டது. அவர்கள் வென்ற எதிரிகள் அத்துணை வலியவர்கள் அல்லர் என்று குறை கூறியவர் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், 1990-இல் அப்போது முதலிடத்தில் இருந்த மயாமி அணியை 28-21 என்று அவர்கள் வென்றபோது, அந்தக் குறைக்கு மறுமொழி கிடைத்துவிட்டது. அந்த ஆட்டத்தில் 406 கெஜம் பந்தெறிந்த டை டெட்மர், அவ்வாண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் விருதையும் பெற்றார்.

இந்த முறை பிரோவோவிலேயே தங்கிவிடவில்லை. 1980-களின் பிற்பகுதியில், டெக்சஸ் மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளி அணியொன்றின் பயிற்சியாளரான ஹால் மம்மி என்பவர் பிரோவோவுக்குச் சென்று பாடம் கேட்டார். பின்னர் அவர் அயோவா வெஸ்லியன் என்னும் சிறு கல்லூரிக்கு வந்தபோது, மைக் லீச் என்பவர் துணைக்குச் சேர்ந்தார். லீச் கல்லூரி அணியில் ஆடியவரே அல்லர், சட்டம் பயின்றவர். ஆனால், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்து, அந்த ஆட்டத்தைக் கண்ணாரக் கண்டவர். இருவருமாக எட்வர்ட்ஸின் முறையை இன்னும் எளிதாக்கி, வீரர்களைக் களம் முழுதும் பரப்பி நிறுத்தி ஆடச் செய்தனர். ‘ஏர் ரெய்டு’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் லீச்சிடம் பயின்ற எறிவீரர் கிளிஃப் கிங்ஸ்பரி, பின்னாளில் அங்கேயே பயிற்சியாளராகித் தாம் வளர்த்த இளைஞர் பேட்ரிக் மஹோம்ஸ்.

மற்றொரு கிளையும் உண்டு. எட்வர்ட்ஸின் முன்வரிசையில் ஆடிய ஆண்டி ரீட் என்பவர் எழுத்தாளராக விரும்பியவர். அவரைப் பயிற்சித் தொழிலுக்குத் திருப்பியவர் எட்வர்ட்ஸே. அந்த ரீட்தான் பின்னர் கான்சஸ் நகரத் தொழில்முறை அணியின் பயிற்சியாளராகி, மஹோம்ஸைத் தம் அணிக்குத் தேர்ந்தெடுத்தவர். ஒரே ஊற்றிலிருந்து இரு வழியாகப் பிரிந்தோடிய ஆறுகள் அங்கே கலந்தன. 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி நாட்டின் உச்சப் பட்டத்தை வென்றது. எட்வர்ட்ஸ் அதைக் காண இருக்கவில்லை. 2016 டிசம்பரில் காலமானார்.

அவருடைய கடைசி ஆட்டம் 2000 நவம்பரில், சால்ட் லேக் நகரில், நெடுநாளைய போட்டியாளரான யூட்டா பல்கலைக்கழகத்துடன் நடந்தது. முடிவு நெருங்கும் வேளையில் அவர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. நான்காம் முயற்சி, வேண்டியதோ 13 கெஜம். பந்து எறியப்படும் என்று அரங்கிலிருந்த அனைவரும் அறிவர். பிராண்டன் டோமன் எறிந்தார். ஜானதன் பிட்மன் பிடித்தார். மீண்டும் எறிந்தார்; மீண்டும் அவரே பிடித்தார். எல்லைக் கோட்டை நெருங்கியதும், கடைசிச் சில கெஜங்களை டோமன் பந்தை எறியாமல் கையில் அணைத்துக்கொண்டு ஓடிக் கடந்தார். 34-27. எறிபந்தின் ஆசானுக்கு இறுதி வெற்றியைத் தேடித் தந்தது ஓர் ஓட்டம்! வீரர்கள் அந்த எழுபது வயது முதியவரைத் தோள்மீது தூக்கிச் சென்றனர்.