சபைப் பணத்தில் தோட்டத்துக்கும் பங்கு வேண்டும்

(பண்டத்தரிப்புக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஊரவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தோட்டத்து ரோட்டைப் பற்றியும் தண்ணியைப் பற்றியும் கதைக்கச் சொன்னீர்கள். ரோட்டுக்கு முன்னால் பணத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும். பணம் எந்த வழியால் வருகுது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

பண்டத்தரிப்பு வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. சபைக்கு வருமானம் முக்கியமாக நாலு வழியால் வரும். ஒன்று, வீட்டுக்கும் கடைக்கும் அறவிடும் சோலைவரி. இரண்டு, சந்தைக் குத்தகையும் அனுமதிக் கட்டணங்களும். மூன்று, காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும். இவை மாகாணத்தின் ஊடாக வரும். நாலு, சம்பளத்துக்கும் வேலைகளுக்கும் மாகாணம் தரும் மானியம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தப்படி உள்ளூராட்சி மாகாணத்தின் பொறுப்பு.

இதில் முதல் மூன்றும் ஊரின் வசதியைப் பொறுத்தவை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டில் யாரிடம் சோலைவரி வாங்குவது? சனம் திரும்பி வந்தபோது ரோடு, மதகு, கிணறு எல்லாவற்றுக்கும் செலவு காத்திருந்தது. வருமானம் குறைந்த இடத்தில்தான் தேவை கூட.

உங்கட நிலைமையும் இதுதான். காரணம்தான் வேறு. 1992 முதல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் குத்தகை. லயத்துக் காம்பிரா உங்கள் பெயரில் இல்லை. உறுதி இல்லாத வீட்டை விற்கவும் ஏலாது. அதில் முத்திரை வரியும் பிறக்காது. இது உங்கட குற்றமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க ஏலாது என்றார்கள். வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம், விளக்குப் போட வரக்கூடாது! 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை ஆகிய இடங்களுக்குப் புதிய பிரதேச சபைகளும் கிடைத்தன. நல்ல காரியம். ஆனால் சட்டம் கதவைத் திறந்துவிட்டதே தவிர, பணப்பெட்டியை நிரப்பவில்லை.

ஆகவே நாங்கள் கேட்க வேண்டியது இதுதான். மாகாண மானியம் சபை எவ்வளவு வரி சேர்க்குது என்று பார்த்துப் பிரிக்கப்படக் கூடாது. எத்தனை சனம், எத்தனை மைல் ரோடு, எத்தனை வீட்டுக்குத் தண்ணி இல்லை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். இது பிச்சை இல்லை. நீங்கள் கடையில் வாங்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் வரி கட்டுகிறீர்கள். பறிக்கிற கொழுந்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருகுது.

வடக்கு, மத்திய மாகாண சபைகள் இரண்டினதும் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் மாகாணத் தேர்தல் நடக்கவில்லை. பணம் பிரிக்கும் இடத்தில் எங்கட பிரதிநிதி இல்லாதது பெரிய குறை. அந்தத் தேர்தலையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லோருக்கும் உரியது. சபையின் தகவல் அதிகாரியிடம் எழுதிக் கேளுங்கள்: போன வருடம் எங்கட டிவிசனுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள்? 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையிடம் எழுதுவியுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

வரவுசெலவுத் திட்டம் வருவதற்கு முன்னமே உறுப்பினரைச் சந்தியுங்கள். தனித்தனியாகப் போகாமல் லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து போங்கள். முக்கியமாகப் பெண்கள் போக வேண்டும். தண்ணிக் குடத்தின் பாரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வடக்கிலும் மலையகத்திலும் ஒரே கணக்கைக் கேட்போம்.