உணவுப் பாதுகாப்பும் சாதியின் ‘சுத்தமும்’

(திருப்பத்தூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாவட்டத்தில் உணவைப் பற்றிப் பேசும்போது 2022 மே மாதத்தைத் தாண்டிப் போக முடியாது. மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் 3 நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. கோழி பிரியாணிக்கும் ஆட்டுக்கறி பிரியாணிக்கும் இடம் உண்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு இல்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

இப்படிப் பிரச்சினை வரும்போதெல்லாம் ஒரு குரல் வரும்: “சாதி எல்லாம் இல்லைங்க, மாட்டுக்கறி சுத்தமில்லை, அவ்வளவுதான்.” தீண்டாமை இன்று சுகாதாரத்தின் மொழியில் பேசுகிறது. ஆகவே உணவை உண்மையில் எது கெடுக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு அரசியல் வேலையும்கூட. நம் வீடுகளிலும் நம்பப்படும் சில தவறான கருத்துகளைப் பார்ப்போம்.

முதலாவது, சைவம் என்றால் ஆபத்தில்லை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாட்டுக்கறியிலும் கிருமி இருக்கும், கோழியிலும் இருக்கும், கீரையிலும் இருக்கும். எந்தக் கறியானாலும் உள்பகுதி 70 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பரிசோதனையில் ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. அது கோழி ஷவர்மா. அதற்காகக் கோழியை அசுத்தமான உணவு என்று யாரும் சொல்லவில்லை. சமைத்த விதத்தையும் வைத்திருந்த விதத்தையும்தான் விசாரித்தார்கள். அதுதான் சரியான கேள்வி. மாட்டுக்கறிக்கும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். நாற்றம் கிளப்பும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி பெரும்பாலும் வேறு. சால்மோனெல்லா இருக்கும் குழம்பு மணமாகவே இருக்கலாம்.

மூன்றாவது, திரும்பச் சூடுபண்ணினால் சரியாகிவிடும். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். சமைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பிரியாணிக்கும் இதே கதைதான். பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். மிச்சத்தை அகலமான பாத்திரங்களில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் சமைத்து டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவும் அக்காவும் மதியம்தான் அதைத் திறக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேலையிடத்தில் நல்ல கேன்டீன் வேண்டும், உணவு வைக்கக் குளிர்ந்த இடம் வேண்டும்.

நான்காவது, பச்சைக் கோழியை நன்றாகக் கழுவினால் கிருமி போய்விடும். கழுவும்போது தெறிக்கும் நீர், பக்கத்தில் இருக்கும் வெங்காயத்துக்கும் கொத்தமல்லிக்கும் கிருமியைக் கொண்டுபோகும். கிருமியைக் கொல்வது சூடுதான். கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காயைத் தொட வேண்டும்.

ஐந்தாவது, கொதிக்கவைத்த தண்ணீர் எதற்கும் பயமில்லை. கொதித்தால் கிருமி சாகும். தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பும் குரோமியமும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டுப்போனதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பளித்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உணவுப் பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இந்தத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கொடிய பொய்: சமைப்பவரின் சாதியால் உணவு கெடும். 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவை உண்ணப் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை விடவில்லை. தோல் பதனிடும் கையானாலும் பூஜை செய்யும் கையானாலும் சோப்பும் தண்ணீரும் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவினால்தான் அது சுத்தமான கை. இதில் பிறப்புக்கு எந்த வேலையும் இல்லை.  

தோழர்களே, இனி யாராவது உங்கள் உணவைச் சுத்தமில்லை என்று சொன்னால் கோபப்படுங்கள், தவறில்லை. கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை டிகிரியில் சமைத்தது? எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது? எந்தத் தண்ணீர்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பேசுகிறவர் உணவைப் பற்றிப் பேசவில்லை, உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்.

 ஜெய்பீம்.