வேதியியல் படிக்க எந்தக் கல்லூரி?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச ஓர் இமாம் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். நான் அரபிக் கல்லூரியில் ஓதியவன். வேதியியல் ஆய்வகத்தில் மாணவனாக ஒரு நாளும் நின்றவன் அல்லன். ஆயினும் இந்தத் தலைப்பை நிர்வாகத்தாரிடம் நானே கேட்டுப் பெற்றுக்கொண்டேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்ததும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். தோல் தொழிற்கூடத்தில் கூலி வேலை செய்பவர். அவருடைய மகன் வேதியியலில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, அரசுக் கல்லூரிக்கு இணையவழியில் விண்ணப்பித்த தாள். மற்றொன்று, ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியின் வண்ண விளம்பரம். "ஹஜ்ரத், எதில் சேர்க்கட்டும்?" என்று கேட்டார்.

அரசுக் கல்லூரியில் கவனிப்பு இருக்காது என்று எங்கோ காதில் விழுந்த பேச்சு என் நினைவில் இருந்தது. விசாரிக்கவில்லை, தெரிந்தவர்களைக் கேட்கவும் இல்லை. "இது நல்ல இடமாகத் தெரிகிறது, இதிலேயே சேருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் மனைவியின் நகையை வட்டிக்கு அடகு வைத்து முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்தினார். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட இயலவில்லை. பையன் படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாருடனேயே வேலைக்குச் சென்றான். அவனுடைய மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்திருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வட்டி கூடாது என்று மிம்பரில் நின்று சொல்லும் நானே, ஒரு குடும்பம் வட்டிக்கடை வாசலில் நிற்கக் காரணமானேன். அந்தத் தகப்பனாரின் அனுமதி பெற்றே இதை இங்கே சொல்கின்றேன்.

அதன்பின் நம் மஹல்லாவில் வசிக்கும், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவரிடம் சென்றேன். அவர் என்னைச் சில கல்லூரிகளுக்கு அழைத்துச் சென்று காட்டினார். அவரிடமிருந்து கற்றுக்கொண்டதையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

வேதியியல் நமக்கு அந்நியமானதன்று

"ஆல்கலி" என்று வேதியியல் புத்தகத்தில் படிக்கின்றோமே, அது "அல்கலீ" என்னும் அரபுச் சொல். செடியை எரித்த சாம்பலில் இருந்து எடுக்கும் காரத்தைக் குறிப்பது. பழைய பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் வாசலுக்கு வெளியே நடப்பதைப் பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் முழுவதும் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழ்ந்துவந்துள்ளது. சுண்ணாம்பு, உப்பு, குரோமியம் என்று அத்தொழிலின் ஒவ்வொரு படியும் வேதியியலே. அத்தொழிலின் கழிவு நம் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் வேதியியலே. 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்கூடங்கள் பற்றிய வழக்கில் அளித்த தீர்ப்பு, கழிவுநீரைச் சுத்திகரிக்காத தொழிற்கூடம் இயங்கக் கூடாது என்னும் நிலையை உண்டாக்கியது. அன்றுமுதல் நீரைச் சோதிக்கவும் கழிவைச் சுத்திகரிக்கவும் படித்த ஆட்கள் நம் ஊர்களுக்குத் தேவைப்படுகின்றார்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அறிவியலாளராகப் பணியாற்றும் கனவு நம் பிள்ளைகளுக்கும் வரவேண்டும். தோலைச் சுமந்த கைகளே தோலின் அறிவியலையும் கற்கட்டும்.

ஒரே வளாகம், இரு கட்டணம்

பெற்றோர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இது. நம் மாநிலத்தில் கலை அறிவியல் கல்லூரிகள் மூவகை: அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி. வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும், பெண்பிள்ளைகளுக்கான வாலாஜா அறிஞர் அண்ணா அரசு மகளிர் கல்லூரியும் முதல் வகை. இவற்றில் செலவு மிகக் குறைவு. 1919இல் தொடங்கப்பட்ட வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1965இல் தொடங்கப்பட்ட மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி, வேலூர் ஊரீசு கல்லூரி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம் மகளிர் கல்லூரி ஆகியவை அரசு உதவி பெறும் கல்லூரிகள்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகின்றார்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. உதவி பெறும் பிரிவில் ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் எல்லாச் செலவும் மாணவர் தரும் கட்டணத்தில் இருந்தே வரவேண்டும்; ஆகவே அது பல மடங்கு கூடும். வளாகம் ஒன்று, வாசல் ஒன்று, பட்டமும் ஒன்று. கட்டணம் மட்டும் இரண்டு. "அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து பணம் கட்டுமுன், "எந்தப் பிரிவில்?" என்று கேளுங்கள். வேதியியல் அங்கே உதவி பெறும் பிரிவில் இருக்கின்றதா என்றும் கேளுங்கள்.

சுயநிதிக் கல்லூரிகள் எல்லாம் தரமற்றவை என்று நான் சொல்லவில்லை. குறைந்த ஊதியத்திலும் உள்ளத்தூய்மையோடு கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கும் உள்ளார்கள். ஆனால் குறைந்த செலவில் நல்ல இடம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்த பிறகே அங்கே செல்ல வேண்டும். கட்டணம் குறைவென்றால் தரமும் குறைவு என்னும் எண்ணம் தவறானது. 1840இல் தொடங்கப்பட்ட சென்னை மாநிலக் கல்லூரி ஓர் அரசுக் கல்லூரி. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியக் கல்லூரிகளுள் அது மூன்றாம் இடத்தைப் பெற்றது.

ஆய்வகத்தைப் பாருங்கள்

மற்றப் பாடங்களை நூலகத்தில் அமர்ந்தும் படித்துவிடலாம். வேதியியலை அவ்வாறு படிக்க இயலாது. பேராசிரியர் என்னிடம், "கட்டடத்தைப் பார்க்காதீர்கள் ஹஜ்ரத், ஆய்வகத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்" என்றார். வேலை நாளில் செல்லுங்கள். தொட்டி ஈரமாக இருந்தால் அங்கே சோதனை நடக்கின்றது. புட்டிகளில் தூசி படிந்திருந்தால் நடக்கவில்லை. பருமனறி பகுப்பாய்வின்போது மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பியூரெட் கிடைக்கின்றதா, அல்லது நான்கு பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதைப் பார்க்கின்றார்களா என்று கேளுங்கள். நச்சுப்புகையை வெளியேற்றும் அமைப்பும், கண் கழுவ நீர்க்குழாயும், தீயணைப்பானும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், முனைவர் பட்டமோ நெட், செட் தகுதியோ பெற்றவர் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். எம்.எஸ்சி. வகுப்பும் ஆய்வுப் படிப்பும் அதே துறையில் இருந்தால் கருவிகளும் நூல்களும் கூடுதலாக இருக்கும். பிள்ளை மேற்படிப்புக்கு ஊர் மாறவும் தேவைப்படாது. நாக் குழு தந்த தரநிலையையும், அது எந்த ஆண்டில் தரப்பட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தரநிலை கல்லூரி முழுமைக்கும் உரியது. வேதியியல் துறைக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவரைத் தனியே சந்தித்து, "வாரத்தில் எத்தனை முறை ஆய்வகத்திற்குள் செல்கின்றீர்கள்?" என்று கேளுங்கள். அவருடைய பதில் எந்த விளம்பரத்தையும்விட உண்மையானது.

பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, துணைப்பாடம். கணிதமும் இயற்பியலும் துணைப்பாடமாக அமைந்தால் மேற்படிப்பில் கடினமான பகுதிகள் எளிதாகும். உயிரியல் சார்ந்த துறைக்குச் செல்ல விரும்புவோர் தாவரவியல், விலங்கியலை நாடலாம். சேருமுன்பே கேட்டுத் தெளிவடையுங்கள். இரண்டு, பட்டத்தின் பெயர். வேதியியல் என்னும் சொல்லோடு வேறு சொல் சேர்ந்த புதுப் பெயர்ப் படிப்பாயின், அரசு வேலைக்கும் பி.எட். சேர்க்கைக்கும் அது பி.எஸ்சி. வேதியியலுக்குச் சமமாக ஏற்கப்பட்டுள்ளதா என்பதற்கு அரசாணையைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

செலவும் சலுகையும்

கல்விக் கட்டணம் மட்டுமே செலவு என்று எண்ணிவிடாதீர்கள். தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், பேருந்து, விடுதி, புத்தகம், ஆய்வக மேலங்கி, பதிவேடு எல்லாவற்றையும் மூன்று ஆண்டுகளுக்கும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். வீட்டிலிருந்து சென்றுவரக்கூடிய கல்லூரி, தொலைவிலுள்ள பெயர்பெற்ற கல்லூரியைவிடப் பல வேளைகளில் நமக்கு உகந்ததாக இருக்கும்.

அரசுக் கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே தளத்தில் விண்ணப்பிக்கலாம். 2025இல் விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 50 ரூபாய்தான். அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அது பயன்தரும். தேர்வு முடிவு வந்தபின் சான்றிதழுக்கு ஓடுவதால் ஒவ்வோர் ஆண்டும் நம் பிள்ளைகள் கலந்தாய்வைத் தவறவிடுகின்றார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, அதனோடு இணைத்த ஆதார் ஆகியவற்றை முன்னதாகவே ஆயத்தமாக வையுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையைப் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள விதிகளை அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிறிய ஊர்க் கல்லூரியில் படித்தால் பெரிய இடங்களுக்குச் செல்ல இயலாது என்று மனம் தளர வேண்டாம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை எந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவரும் எழுதலாம். பியூரெட்டைப் பிடித்துப் பழகிய கையையும், பாடத்தைப் புரிந்துகொண்ட மனத்தையும்தான் அந்தத் தேர்வு நாடுகின்றது.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

நிர்வாகத்தாரிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றேன். முதலாவதாக, தேர்வு முடிவு வருவதற்கு ஒரு மாதம் முன்பே பள்ளிவாசல் வளாகத்தில் சான்றிதழ் உதவி முகாம் நடத்தப்பட வேண்டும். இரண்டாவதாக, பைத்துல்மாலில் கல்விக்கென ஒரு தொகையை ஒதுக்கி, முதல் பருவக் கட்டணத்தை வட்டியில்லாத அழகிய கடனாக வழங்க வேண்டும். சேர்க்கைக்கான கெடு இரண்டு, மூன்று நாட்கள்தான். அந்த நாட்களில்தான் ஏழை வீட்டு நகை அடகுக்கடைக்குச் செல்கின்றது. மூன்றாவதாக, நம் மஹல்லாவின் பட்டதாரிகள் ஐவரைக் கொண்ட குழு ஒன்று, பெற்றோருடன் நேரில் கல்லூரிக்குச் சென்று விசாரித்து வர வேண்டும். கல்லூரி வாசலைக் கண்டு தயங்கும் தகப்பனாருக்குத் துணைக்கு ஒருவர் இருந்தால் போதும். அவர் கேட்கத் தொடங்கிவிடுவார்.

சென்ற வாரம் அதே தகப்பனார் மீண்டும் என்னிடம் வந்தார். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கின்றாள். "ஹஜ்ரத், பாப்பாவும் கெமிஸ்ட்ரிதான் படிக்கணும்னு சொல்லுது. எங்கே சேர்க்கட்டும்?" என்று கேட்டார். என்மீது அவர் இன்னும் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கண்டு நான் வெட்கினேன். இம்முறை நான் கல்லூரியின் பெயர் எதையும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது பாய். வாருங்கள், இருவரும் போய்க் கேட்டு வருவோம்" என்றேன். வரும் திங்கட்கிழமை பேராசிரியரையும் அழைத்துக்கொண்டு வாலாஜாவிற்குச் செல்கின்றோம். உடன் வர விரும்பும் பெற்றோர் இன்று இஷாவுக்குப் பின் தங்கள் பெயரைத் தரலாம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.