இனத்தின் பெயரால் வந்த விடுதலையும் கூலிக்காரன் பங்கும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. வடக்கேயிருந்து வருகிற ஆட்கள் குறைந்த கூலிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போடவேண்டும் என்றார்கள் சில தோழர்கள். வயிற்றெரிச்சலில் பிறந்த கோரிக்கை அது. நான் அதைக் கேலி செய்ய வரவில்லை. ஆனால் பதில் சொல்லுமுன், நாம் நிற்கிற இந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1891ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மகாராஜாவிடம் ஒரு மனு போயிற்று. ‘மலையாளி மெமோரியல்’ என்று அதற்குப் பெயர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். திருவிதாங்கூர் உத்தியோகம் திருவிதாங்கூர்க்காரருக்கே என்பது முழக்கம். பெரிய பதவிகளில் இருந்த வெளியூர்ப் பிராமணர்கள், பெரும்பாலும் தமிழ் பேசியவர்கள், அவர்களை எதிர்த்த மனு அது. கோரிக்கையில் நியாயம் இருந்தது. நாயரும் ஈழவரும் கிறிஸ்தவரும் சேர்ந்துதான் கேட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? அதில் கையொப்பமிட்ட டாக்டர் பல்பு ஈழவர். சொந்த நாட்டில் உத்தியோகம் கிடைக்காமல் மைசூருக்குப் போனவர். ஐந்தே ஆண்டுகளில், 1896இல், 13,176 ஈழவர்களின் கையொப்பத்தோடு தனியாக இன்னொரு மனு கொண்டுபோக வேண்டியதாயிற்று. ‘நம்மவர்’ என்று கூட்டம் சேர்க்கும்போது எல்லோரும் நம்மவர். பங்கு வைக்கும்போது சிலர்தான் நம்மவர்!

அதற்கும் கீழே ஒருவர் நின்றார். இதே நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி. 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுப் பாதையில் போனார். அவரை மறித்து அடிக்க வந்தவன் வெள்ளைக்காரனா? வேற்றுமொழிக்காரனா? இல்லை; அதே ஊர், அதே மொழி. ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்தில் ஒரு புலையர் வீட்டுச் சிறுமியைச் சேர்க்கப் போனார், பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள்.

1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு. பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள் மேல் குண்டு பாய்ந்தது. வீரராகவன் முதலானோர் உயிர் விட்டார்கள். அன்றைய திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் தமிழ் பேசுகிறவர். திவான் தமிழர் என்பதால் நம் பாட்டனின் கூலி ஒரு சக்கரம் கூடியதா?

1947இல் விடுதலை வந்தது. ஜனங்கள் ஓட்டுப் போட்ட அரசாங்கம் வந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். மார்ஷல் நேசமணி தலைவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டார்கள். மலையாளமும் தமிழும் ஒரு குடும்பத்து மொழிகள் என்று கால்டுவெல் 1856லேயே எழுதிவிட்டார். அந்த உறவு குண்டைத் தடுக்கவில்லை. அந்தச் சூட்டுக்குப் பொறுப்பேற்றுத் தன் சொந்தக் கட்சியின் முதலமைச்சரே பதவி விலகவேண்டும் என்று கேட்டவர் ராம் மனோகர் லோகியா. அவர் தமிழரா? இந்தி பேசிய வடக்கத்தியர்!

1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தார்கள். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் அந்தப் பக்கம். நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். களியக்காவிளையில் ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம்.

கடல் தாண்டிப் பாருங்கள். இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. தேயிலைச் செடிக்கு அவர்கள் கை வேண்டியிருந்தது. நாட்டுக்கு அவர்கள் பெயர் வேண்டாமாம். ‘அந்நியர்’ என்ற சொல் முதலில் ஆளுகிறவன் மேல் வீசப்படுகிறது. கடைசியில் வந்து விழுவது கூலிக்காரன் தலையில்.

அதற்காக மொழியுரிமையை விடச் சொல்லவில்லை. தாய்மொழியில் ஆரம்பக் கல்வி என்பது அரசியல் சட்டத்தின் 350அ பிரிவில் இருக்கிறது. அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையருக்குத் தந்திருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதுங்கள்; பிள்ளைக்குத் தமிழ் கேளுங்கள். அது உரிமை. ஆனால் அடுத்தவன் சோற்றுப் பானையை உதைப்பது உரிமை ஆகாது.

‘பாண்டி’ என்று நம்மை இளக்காரமாகக் கூப்பிட்டபோது நெஞ்சு எரிந்ததே, மறந்துவிட்டோமா? இன்று ஒடிசாக்காரன், அஸ்ஸாம்காரன் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கி நாமும் அதே இளக்காரத்தோடு பேசுகிறோம். நம் கூலியைக் குறைப்பவன் அவனல்ல. ஒரே வேலைக்கு இரண்டு கூலி வைத்து, இரண்டு பேரையும் மோதவிட்டு மிச்சம் பிடிக்கிற காண்டிராக்டர். இன்னொன்றும் சொல்லவேண்டும். நமக்குள்ளேயே, எந்தச் சாதி வீடு என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர் இருக்கிறார்கள். அவர்கள் தமிழினம் என்று மேடையில் பேசுவது வெட்கக்கேடு.

ஆகவே தீர்மானத்தை மாற்றி எழுதுவோம். ‘அவர்களை வைக்காதே’ என்பதை அடித்துவிட்டு, ‘சம வேலைக்குச் சம கூலி, யாராயிருந்தாலும்’ என்று எழுதுவோம். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கூட வேலை செய்கிற ஒரு வடக்கத்தித் தொழிலாளியை அழைத்து வாருங்கள்.

இந்த ஊரில் அவர்களைப் ‘பங்காளி’ என்கிறார்கள்; வங்காளி என்பதன் மலையாள உச்சரிப்பு. தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பொருளிலேயே கூப்பிடுவோம்.