மூளைப் படமும் செத்த மீனும்

(ஒரு கிராமத்துப் பகுத்தறிவுக் கூட்டத்தில் பேசியது)



மூளையைப் படம் பிடிக்கும் யந்திரத்தைப் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவன். புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆகையால், மேடையில் நின்று சொல்லுகிறான் என்பதற்காக யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. இன்றைய விஷயத்துக்கே இதுதான் உயிர் என்பது கடைசியில் உங்களுக்கு விளங்கும்.

மனம் எங்கே இருக்கிறது?

"மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்" என்றால் நாம் மார்பில்தான் கை வைக்கிறோம். இப்படி எண்ணியவர்கள் நாம் மாத்திரமல்ல. பழைய எகிப்து தேசத்தார் பிணத்தைப் பாடம் செய்யும்போது இருதயத்தைப் பத்திரமாக உடலுக்குள் வைத்துவிட்டு, மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு இழுத்து எறிந்துவிடுவார்கள். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் இருதயமே அறிவுக்கு இருப்பிடம் என்றும், மூளை உடம்புச் சூட்டைத் தணிக்கிற உறுப்பு என்றுமே நினைத்தார். ஆனால் அவருக்கும் முந்தி, சுமார் 2,400 வருஷங்களுக்கு முன், ஹிப்போகிரேட்டஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூல் ஒன்று, "தெய்வ நோய்" என்று ஜனங்கள் அஞ்சிய வலிப்பு தெய்வத்தால் வருவதல்ல, மூளையினால் வருவதே என்று துணிந்து சொன்னது.

சொன்னது சரி; பார்ப்பது எப்படி? உயிரோடிருக்கிறவன் மண்டையைத் திறந்து பார்க்க முடியுமா? பிரான்சில் பால் புரோக்கா என்ற வைத்தியர் 1861இல், "டான்" என்ற ஒரே ஓசையைத் தவிர வேறொன்றும் பேச முடியாதிருந்த ஒரு நோயாளி இறந்த பிறகு அவன் மூளையை எடுத்துப் பார்த்து, இடது முன்பக்கத்தில் கெட்டுப்போயிருந்ததைக் கண்டார். பேச்சுக்கு வேண்டிய இடம் ஒன்று அங்கே இருக்கிறது என்று அதனால் தெரிந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அந்த மனிதன் சாகவேண்டியிருந்தது!

யந்திரம் செய்வது என்ன?

சாகாமலே பார்க்க வழி செய்ததுதான் எம்.ஆர்.அய். என்னும் காந்த யந்திரம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு காந்தம் போன்றது. சந்தைக் கூட்டத்தைப்போல் அவை ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பலமான காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்தால் அவற்றில் ஒரு சிறு பங்கு அதன் திசையில் சாய்ந்து நிற்கும். அப்போது ரேடியோ அலையை ஒரு கணம் செலுத்தினால் அவை புரளும். நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது தாமும் ஒரு மெல்லிய ரேடியோ அலையை வெளிவிடும். அவை திரும்பும் வேகம் மூளையின் சாம்பல் பகுதியில் ஒரு விதம், வெள்ளைப் பகுதியில் ஒரு விதம், நீர்க்கட்டியில் வேறொரு விதம். இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் படமாக வரைகிறது. எக்ஸ்ரே கிடையாது, கத்தியும் கிடையாது.

ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக இருப்பவை 1.5 அல்லது 3 டெஸ்லா பலமுள்ள காந்தங்கள். 3 டெஸ்லா என்பது இந்தப் பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறக்குறைய 60,000 மடங்கு.

இதை எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டு சொல்லவில்லை. அணுக்கரு இப்படி நடந்துகொள்வதை 1946இல் அமெரிக்காவில் பெலிக்ஸ் பிளாக், எட்வர்டு பர்செல் என்ற இருவர் தனித்தனியே காட்டினார்கள். அதைக்கொண்டு படம் எடுக்கலாம் என்று 1973இல் பால் லாட்டர்பர் காட்டினார். அவர் கட்டுரையை "நேச்சர்" பத்திரிகை முதலில் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டது! அவர் விடாமல் வாதாடிப் பிரசுரிக்கச் செய்தார். இங்கிலாந்தில் பீட்டர் மேன்ஸ்பீல்டு படத்தைச் சீக்கிரமாக எடுக்கும் வழியைக் கண்டார். 2003இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பேயா, புழுவா?

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வலிப்பு வந்து விழுந்தவன் கையில் நாம் சாவிக்கொத்தையும் இரும்புத் துண்டையும் திணிக்கிறோம். அது தானாக நின்றால் இரும்பால் நின்றது என்கிறோம். மறுபடியும் வந்தால் பேய் என்று சொல்லிப் பூசாரியிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடிக்கிறோம்.

நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியமான காரணம் என்ன தெரியுமா? ஒரு புழு! பன்றி நாடாப்புழுவின் முட்டை, மனித மலத்தின் வழியாக மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, சரியாகக் கழுவாத காய்கறியோடு வயிற்றுக்குள் போகிறது. அங்கே பொரித்து, இரத்தத்தில் கலந்து, மூளையில் போய்க் கட்டியாகத் தங்குகிறது. ஆகவே பன்றி மாமிசத்தைக் கண்ணால் காணாத சைவர்களுக்கும் இது வரும். யந்திரப் படத்தில் அந்தக் கட்டி தெரிகிறது. சில சமயம் கட்டிக்குள்ளே புழுவின் தலைகூட ஒரு புள்ளியாகத் தெரிகிறது. பேயின் தலையை எந்தப் பூசாரியாவது இப்படிக் காட்டியிருக்கிறானா? பேய்க்கு அடி, புழுவுக்கு மருந்து. இரண்டில் எது குணப்படுத்தும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும்.

வலிப்பு வந்தவர் எல்லோருடைய படத்திலும் காரணம் தெரிந்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டாலும் அது நோய்தான். ஆளைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். அய்ந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

2001 ஆகஸ்டு 6ந் தேதி நம் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் என்ன நடந்தது? தெய்வ சக்தியால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மாண்டார்கள். தோழர்களே! மூளைக்கும் நோய் வரும் என்ற ஒரு சாதாரண அறிவு நமக்கு இல்லாததற்குக் கொடுத்த விலை அது.

நினைப்பைப் படம் பிடிக்கலாமா?

இனி, மூளை வேலை செய்வதையே பார்க்கிற சங்கதிக்கு வருவோம். மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய அய்ந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. வேலை நடக்கிற இடத்துக்கு இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. பிராணவாயு உள்ள இரத்தமும் அதை இழந்த இரத்தமும் காந்தத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. இதைக்கொண்டு மூளையின் வேலையை அறியலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானியர் அமெரிக்காவில் எலிகளை வைத்துக் காட்டினார். 1992இல் மனிதர்களிடமும் காட்டினார்கள்.

ஆகவே யந்திரம் நினைப்பைப் பார்ப்பதில்லை. இரத்த ஓட்டத்தைத்தான் பார்க்கிறது. அதுவும் சில விநாடி தாமதமாக. படத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையில் இல்லை; கணக்குப் போட்ட பிறகு கம்ப்யூட்டர் பூசிய வர்ணம். இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

இந்த அளவைக்கொண்டே பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். மோட்டார் விபத்தில் அடிபட்டு, கண் திறந்திருந்தும் எதுவும் அறியாதவள் என்று தீர்மானிக்கப்பட்ட 23 வயதுப் பெண் ஒருத்தியை இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இந்த யந்திரத்தில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றார்கள். "உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள்" என்றார்கள். நல்ல நிலையிலுள்ளவர்களுக்கு எந்தெந்த இடம் வேலை செய்ததோ, அதே இடங்கள் அவளுக்கும் வேலை செய்தன! 2006இல் இது வெளியாயிற்று. 2010இல் நினைவு குன்றிய 54 பேரைச் சோதித்ததில் 5 பேர் சொன்னபடி நினைத்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஆம், இல்லை என்று பதிலே சொன்னார். ஆமென்றால் டென்னிஸ், இல்லையென்றால் வீடு! பிணம்போல் கிடந்தவருக்குள்ளே ஒரு மனிதர் விழித்துக்கொண்டிருந்தார் என்பதை எந்த ஜோசியனும் சொல்லவில்லை, சோதனை சொல்லிற்று.

செத்த மீன் நினைத்ததாம்!

யந்திரத்தை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். இனி இதற்கும் ஒரு கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குத்தான் செத்த மீன் கதை.

அமெரிக்காவில் கிரேக் பென்னெட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் கடையில் ஒரு சால்மன் மீனை வாங்கி வந்தார்கள். செத்த மீன். அதை இந்த யந்திரத்தில் வைத்து, மனிதர்கள் இருக்கும் படங்களைக் காட்டி, "இவர்கள் மனத்தில் என்ன உணர்ச்சி இருக்கிறது, சொல்" என்று மீனைக் கேட்டார்கள்! பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், செத்த மீனின் மூளையில் சில புள்ளிகள் சிவந்து தெரிந்தன!

மீனின் ஆத்மா பேசியதா? இல்லை. அந்த ரகசியத்தைச் சொல்கிறேன். ஒரு ஜோசியன் ஆயிரம் கர்ப்பிணிகளிடம் "ஆண் குழந்தை" என்று சொன்னால், சுமார் அய்ந்நூறு பேருக்குப் பலித்தே தீரும். பலித்தவர்கள் ஊரெல்லாம் புகழ்வார்கள். பலிக்காதவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதுபோல, கம்ப்யூட்டர் மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கிறது. அத்தனை கட்டங்களில் சில தற்செயலாகவே பலித்ததுபோல் காட்டும். எத்தனை தடவை சோதித்தோம் என்பதையும் கணக்கில் சேர்த்துத் திருத்தினால் மீனின் சிவப்புப் புள்ளிகள் மறைந்துபோகும், மறைந்தும் போயின. இப்படித் திருத்தாமலே அநேகர் முடிவு கட்டி வந்தார்கள் என்று காட்டவே அவர்கள் மீனை வைத்தார்கள். 2009இல் மூளை ஆராய்ச்சிக்காரர் மகாநாட்டிலேயே இதைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2012இல் இதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற "இக் நோபல்" பரிசும் கிடைத்தது.

இதோடு நிற்கவில்லை. 2016இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் உள்ளிட்ட சிலர், வழக்கத்திலிருந்த சில கணக்கு முறைகள் நூற்றுக்கு 5 தவறு வரவேண்டிய இடத்தில் 70 வரை தவறு செய்யக்கூடும் என்று காட்டினார்கள். 2020இல் ஒரே படக்குவியலை 70 குழுக்களிடம் கொடுத்து, 9 கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு குழுக்கள்கூட ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துவரவில்லை.

"பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதையை!" என்று பக்தர்கள் கை கொட்டுவார்கள். அவர்களை நான் கேட்கிறேன்: இந்தக் குற்றத்தையெல்லாம் கண்டுபிடித்தவர் யார்? எந்த மடாதிபதி, எந்தப் பாதிரி, எந்த முல்லா? ஒருவருமில்லை. அந்த யந்திரத்தால் பிழைப்பவர்களே கண்டுபிடித்தார்கள், தாங்களே அச்சிட்டார்கள், தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். தன் சாமியின் சக்தியைச் சோதிக்கக் கர்ப்பக்கிருகத்தில் ஒரு செத்த மீனை வைத்துப் பார்த்த பூசாரி உண்டா? அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள பேதம் இதுதான்.

புதிய புரோகிதர்கள்

பழைய புரோகிதன் ஏட்டுச் சுவடியைக் காட்டினான். புதிய புரோகிதன் வர்ணப் படத்தைக் காட்டுகிறான். "நடு மூளையைத் திறக்கிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தை படிக்கும்" என்று சொல்லி நம் ஊர்களிலேயே பெற்றோரிடம் பணம் பறித்தார்கள். கட்டின் கீழே, மூக்கோரத்து இடுக்கு வழியாகக் குழந்தை பார்க்கிறது, அவ்வளவுதான்! அந்த இடுக்கை அடைத்துவிட்டால் ஞானம் பறந்துவிடும்.

பெண்களுக்கு மூளை குறைவு என்பதும் இந்த ரகம்தான். மூளை எடையே அறிவு என்றால், ருஷியாவின் துர்கனேவ் மூளை 2 கிலோவுக்கு மேல். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனதோல் பிரான்ஸ் மூளை 1 கிலோவுக்குச் சற்றுத்தான் மேல். இருவரும் பேர்போன எழுத்தாளர்களே! 2015இல் 1,400க்கு மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று, முழுக்க ஆண் மூளை, முழுக்கப் பெண் மூளை என்று பிரிக்கத் தக்கவை மிகச் சிலவே என்றும், பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை என்றும் கூறிற்று. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற புராணத்துக்கோ எந்தப் படத்திலும் சாட்சி கிடையாது. பூணூல் மண்டைக்குள்ளே போகவில்லை, தோழர்களே!

போலீசாரும் மூளையைச் சோதித்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆசைப்பட்டார்கள். மூளையின் மின்சார அலைகளைச் சோதிப்பது உள்ளிட்ட இத்தகைய சோதனைகளை ஒருவர் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று 2010இல் நம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மண்டைக்குள் இருப்பது அவரவர் சொந்தம்.

ஆகவே தோழர்களே, நான் கேட்டுக்கொள்வது இரண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்போ மனநோயோ வந்தால் பூசாரியிடம் போகாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். யாராவது மூளைப் படத்தைக் காட்டி உங்களை வாயடைக்கப் பார்த்தால் மிரளாதீர்கள். "எத்தனை பேரைச் சோதித்தாய்? எத்தனை தடவை தவறிற்று? வேறு யாராவது செய்து பார்த்தார்களா? இதே கணக்கில் செத்த மீனை வைத்தால் என்ன வரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவன் ஆராய்ச்சிக்காரன்; கோபித்துக்கொள்கிறவன் புரோகிதன்.

இதே கேள்வியை என்னிடமும் கேளுங்கள். அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே சொல்லி வைத்தேன்.