கரையை வெட்டியவர்கள்



நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பை வானொலியில் எத்தனையோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கேட்டிருப்பீர்கள். இதே வங்காள விரிகுடாவின் வடக்கு முனையில் இருக்கும் சிட்டகாங் துறைமுகத்திலும் அப்படி எண் போட்ட எச்சரிக்கைதான். ஆங்கிலேயர் காலத்தில், கப்பல்களுக்காக வகுத்த முறை அது. எட்டாம் எண் என்றால் கப்பலின் மாலுமி நங்கூரத்தை எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்வார். ஆற்று முகத்துவாரத்தில் வண்டல் தீவு ஒன்றில் குடிசை போட்டு நெல் விதைத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இன்று நான் பேச வந்தது வங்கதேசத்தைப் பற்றி. பருவநிலை மாற்றம் என்றாலே அந்த நாட்டின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு தாய், தலையில் ஒரு மூட்டை. படம் பொய்யில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டே அந்த மக்கள் செய்திருக்கும் காரியங்களை அது காட்டுவதில்லை. எவற்றில் ஜெயித்தார்கள், எவற்றில் சறுக்கினார்கள் என்று பார்த்தால் எனக்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது. முடிவெடுக்கும் கை தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தபோதெல்லாம் காரியம் நடந்திருக்கிறது. அந்தக் கை தள்ளிப் போனபோது பணம் கொட்டியும் கோணலாகியிருக்கிறது.

முதலில் புயல். வங்காள விரிகுடா வடக்கே போகப்போகக் குறுகும், ஆழமும் குறையும். தெற்கிலிருந்து புயல் தள்ளிக்கொண்டு வருகிற தண்ணீருக்குப் பக்கவாட்டில் பரவ இடமில்லை, கீழேயும் இடமில்லை. மேலே எழும்பத்தான் முடியும். கரையோ கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரம்தான். 1970 நவம்பர் 12ஆம் தேதி இரவு போலா தீவையும் சுற்றுப்புறத்தையும் அடித்த புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். எச்சரிக்கை பலர் காதில் விழுந்திருந்தது. விழுந்து என்ன? ஓடிப்போய் நிற்க ஒரு மேடு இல்லை.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1972இல், செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியில் புயல் ஆயத்தத் திட்டம் என்று ஒன்று தொடங்கியது. 1973இல் அரசும் அதில் சேர்ந்துகொண்டது. திட்டம் என்றதும் பெரிய கட்டடம், பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஊருக்கு ஒரு தொண்டர் குழு. குழுவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வானொலி, ஒரு மெகாஃபோன், கையால் சுழற்றும் ஒரு சங்கு, சில கொடிகள். வானொலியில் புயல் செய்தி வந்தால் தொண்டர் தெருத்தெருவாகப் போய் அதை ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும். ஆபத்து ஏற ஏறக் கொடி ஒன்று, இரண்டு, மூன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மூன்று கொடி பறந்தால் எழுந்து நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். வானொலிக்காரனாக இருப்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உயிரைக் காத்தது வானொலிப் பெட்டி மட்டும் இல்லை. அதைக் கேட்டுவிட்டுக் கதவைத் தட்டியவர் தெரிந்த முகமாக இருந்தார். ‘சித்தி, கிளம்புங்கள்’ என்று ஊர்ப் பையன் சொல்வதும் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி சொல்வதும் ஒன்றாகுமா?

அப்படியும் 1991 ஏப்ரல் 29ஆம் தேதி வந்த புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை போயிருந்தது, காப்பகங்கள்தான் போதவில்லை. இறந்தவர்களில் பெண்களின் பங்கு மிக அதிகம் என்பது பிறகு தெரிந்தது. புருஷன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், ஆடு மாடுகளை விட்டுவர மனமில்லாதவர்கள், அந்நிய ஆண்கள் நடுவே ஒரே கூடத்தில் எப்படிப் படுப்பது என்று தயங்கியவர்கள். தண்ணீர் வந்தபோது சேலை காலைச் சுற்றியது.

அதற்குப் பிறகு கட்டிய காப்பகங்களைப் பார்த்தால் அந்தப் பாடம் கான்கிரீட்டிலேயே தெரியும். உயரமான தூண்கள்; கீழ்த்தளம் திறந்தவெளி, அலை புகுந்து போய்விடும். மேலே பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை. பக்கத்தில் மாடுகளுக்காக மண்ணைக் கொட்டி உயர்த்திய ஒரு மேடு; அதைக் கில்லா என்கிறார்கள். மற்ற நாளில் அதே கட்டடம் பள்ளிக்கூடம். புயலுக்கென்று மட்டும் கட்டிப் பூட்டி வைத்தால் ஐந்து வருஷத்தில் சாவி எங்கே என்று தேட வேண்டிவரும். பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் மாடி என்றால் ராத்திரி இருட்டிலும் வழி தெரியும்.

2007 நவம்பரில் சிடர் புயல் வந்தது. இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்கு நடுவே ஆம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள். வங்கதேசத்தில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. ஒவ்வொரு புயலும் ஒரே பலம் இல்லை. எண்ணுக்கு எண் வைத்து ஒப்பிடுவது சரியில்லைதான். அப்படியும் லட்சங்கள் பத்துகளாகச் சுருங்கியதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. இன்று அந்தத் தொண்டர்கள் சுமார் 76,000 பேர். பாதிப் பேர் பெண்கள்.

இனிமேல் சொல்வது இவ்வளவு நேர்க்கோடான கதை இல்லை.

நாட்டின் தென்மேற்கில் குல்னா, ஜெஸ்ஸோர், சாத்கீரா மாவட்டங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன. அதில் ஒரு பங்கைக் கடல் ஓதத்தோடு திருப்பி அனுப்புகிறது. நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறும். சேற்றுத் தண்ணீர் தாழ்ந்த நிலங்களில் பரவிப் படிந்துவிட்டுத் தெளிந்து இறங்கும். அந்த நிலம் கடலைவிட உயர்ந்து நின்றதற்கு இந்தப் படிவுதான் காரணம். அங்கிருந்த விவசாயிகள் இதைப் புரிந்துதான் வாழ்ந்தார்கள். ஜமீன் காலத்தில் அவர்கள் போட்டது அஷ்டமாசிக் கரை. எட்டு மாதக் கரை. உப்புத் தண்ணீரைத் தடுத்து நெல் எடுக்க எட்டு மாதம். மழைக்காலத்தில் கரையைத் திறந்துவிட்டால், வெள்ளம் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும்.

1960களில் பெரிய மூளைகள் வந்தன. நெதர்லாந்து மாதிரியில், வெளிநாட்டு உதவியோடு, கரையோரம் முழுவதும் நிரந்தரக் கரை எழுப்பினார்கள். சுற்றிலும் கரை, நடுவில் நிலம், தண்ணீரை விட மதகு. போல்டர் என்பது அதன் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட போல்டர்கள். குறை சொல்லிவிட முடியாது; முதல் பதினைந்து, இருபது வருஷம் விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. உப்பு உள்ளே வரவில்லை.

வண்டலும் உள்ளே வரவில்லை. நிலத்தில் படிய வேண்டியது ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆற்றின் தரை ஏறிக்கொண்டே போக, உள்ளே இருந்த நிலம் இறுகி இறங்கியது. ஒரு கட்டத்தில் ஆறு மேலே, வயல் கீழே. மழை பெய்தால் தண்ணீர் வடியப் போக்கிடம் இல்லை. டாகாதியா பீல் என்ற பெரிய தாழ்நிலத்தில் (பீல் என்பது நம் ஊர்த் தாங்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஆண்டுக்கணக்கில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பயிர் இல்லை, மேய்ச்சல் இல்லை. செத்தவரைப் புதைக்கவும் காய்ந்த இடம் இல்லை.

1990இல் அந்த மக்கள் மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டினார்கள். சட்டப்படி குற்றம். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அரசுச் சொத்து அது. 1997 அக்டோபரில் ஹரி ஆற்றங்கரையில் பாய்னா பீலிலும் அப்படியே வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து போக ஆரம்பித்தது. நான்கு வருஷம் விட்டு வைத்தார்கள். வெட்டிய வாய்க்குப் பக்கத்தில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. இன்னொரு அதிசயமும் நடந்தது: நாளுக்கு இரு முறை அவ்வளவு தண்ணீர் ஏறி இறங்கியதில் தூர்ந்திருந்த ஆறு தன்னைத்தானே அரித்து ஆழமாகிவிட்டது. இயந்திரம் வைத்துத் தூர்வாரினாலும் அடுத்த வருஷம் திரும்பத் தூர்ந்துபோகும் ஆறு அது.

பொறியாளர்கள் வந்து அளந்து பார்த்தார்கள். வெட்டியவர்கள் சொன்னதுதான் சரி. பிறகு அதற்கு ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்று பெயர் வைத்து அரசே திட்டமாக்கியது. கடல் மட்டம் உயரும் காலத்தில், நிலத்தையும் கூடவே உயர்த்தும் வேறு வழி எனக்குத் தெரிந்து அங்கே இல்லை. சிமென்டு வேண்டாம், டீசல் வேண்டாம்; வேலை முழுவதையும் நிலவின் இழுப்பே செய்கிறது.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. ஒரு பீலைத் திறந்துவிட்டால் மூன்று, நான்கு, ஐந்து வருஷம் அதில் சாகுபடி கிடையாது. நிலக்காரருக்கு இழப்பீடு தர வேண்டும். திட்டம் காகிதத்துக்குப் போனதும் பட்டா கேட்டார்கள், வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். தாத்தா பெயரில் கிடக்கும் நிலத்துக்கு எந்தப் பேரன் உடனே பட்டா காட்டுவான்? குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒன்றுமே இல்லை. கிழக்குக் குக்ஷியா பீலில் பணம் கைக்கு வராமல் அலைந்தவர்களைப் பார்த்த பக்கத்துக் கபாலியா பீல்காரர்கள், 2012இல் தங்கள் நிலத்தைத் திறக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார்கள். கைகலப்பானது, வேலை நின்றது. மீன், இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. தண்ணீர் தேங்குவதில்தான் அவர்களுக்கு லாபம். பவதகா பகுதியில் இன்றும் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் நிற்கிறது. வழி தெரிந்த ஊரிலேயே வழி அடைபட்டுக் கிடக்கிறது. பருவநிலை என்று பேசும் பலரும் வண்டலையும் ஓதத்தையும் கணக்கெடுப்பார்கள். பட்டாவைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

மின்சாரத்திலும் இதே கதை, கொஞ்சம் வேறு உருவத்தில். 2003இல் மின்கம்பி போகாத கிராமங்களுக்கு வீட்டுச் சூரிய மின்சாரம் தரும் திட்டம் தொடங்கியது. அரசின் இட்கால் என்ற நிதி நிறுவனம் கடன் கொடுக்கும். கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள் வீட்டுக்கு வந்து சூரியத் தகட்டை மாட்டும், தவணை வாங்கும், பழுது பார்க்கும். சிறு தொகை முன்பணம், மீதி இரண்டு மூன்று வருஷத் தவணை. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு தவணைக்குச் சரியாகப் போயிற்று. 2008க்குள் 50,000 வீடு என்று இலக்கு வைத்திருந்தார்கள்; 2005லேயே எட்டிவிட்டார்கள். கடைசியில் 40 லட்சத்தையும் தாண்டி, ஏறத்தாழ 2 கோடிப் பேருக்கு வெளிச்சம் போனது. மின்கம்பி இல்லாத இடங்களுக்கு உலகத்திலேயே இவ்வளவு பெரிய திட்டம் அன்று கிடையாது.

அதைச் சாய்த்தவர்கள் எதிரிகள் இல்லை. அரசின் இன்னொரு கை அதே தகடுகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்கு இனாம் என்றால் யார் தவணை கட்டுவார்? இன்னொரு பக்கம் மின்கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது. 2022இல் நாடு முழுவதும் மின்சாரம் என்று அறிவித்தார்கள். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பியில் ஓடுவது பெரும்பாலும் எரிவாயு, எண்ணெய், நிலக்கரி. உள்நாட்டு எரிவாயு குறையக் குறையத் திரவ எரிவாயுவைக் கப்பலில் வாங்கினார்கள். 2021இல் பத்து நிலக்கரி மின்நிலையத் திட்டங்களைக் கைவிட்டதற்கு உலகம் கைதட்டியது. அந்த இடத்தில் பெரிதும் நம்பியிருந்தது இந்தக் கப்பல் எரிவாயுவை. உக்ரைன் போர் வந்தது, விலை தாறுமாறாக ஏறியது, ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. 2022 ஜூலையில் டாக்கா அரசு உடனடிச் சந்தையில் எரிவாயு வாங்குவதையே நிறுத்தியது. ஊரெங்கும் மின்வெட்டு. மாடியில் கழற்றிப் போட்ட பழைய தகடுகளைச் சிலர் அப்போது நினைத்திருக்கக்கூடும்.

வயல்களில் இன்னும் 10 லட்சத்துக்கும் மேல் டீசல் பம்புசெட்டுகள் ஓடுகின்றன. சூரியப் பம்புக்கு மாற்றினால் புகையும் குறையும், இறக்குமதிச் செலவும் குறையும். சிக்கல் என்னவென்றால், போரோ என்ற வறண்ட பருவ நெல்லுக்குத் தண்ணீர் தேவைப்படுவது ஜனவரியிலிருந்து நான்கு மாதம்தான். மீதி மாதங்களில் தகடு வெயில் காய்கிறது. அந்த மின்சாரத்தைக் கம்பிக்கு விற்கலாம் என்று விதி வகுத்திருக்கிறார்கள். அது பரவலானால் விவசாயிக்கு ஒரு வருமானம், நாட்டுக்கு ஒரு சிறு மின்நிலையம்.

கடைசியாகப் பணம். ஒரு வங்கதேசியின் பங்குக்கு வருஷம் ஒரு டன் கரியமில வாயுகூட வராது. ஓர் அமெரிக்கருக்குப் பதினான்கு டன் பக்கம் வரும். இந்தக் கணக்கை மேடைக்கு மேடை சொல்லி, பாதிப்புக்கு ஈடு கொடுங்கள் என்று முப்பது வருஷம் வாதாடியவர் டாக்காவின் விஞ்ஞானி சலீமுல் ஹக். ‘இழப்பும் சேதமும்’ நிதிக்கு 2022இல் எகிப்தில் கூடிய பருவநிலை மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு துபாய் மாநாட்டில் அது நடைமுறைக்கு வந்தபோது ஹக் இல்லை. ஒரு மாதம் முன்பு, அக்டோபரில் காலமாகியிருந்தார். அங்கே வாக்களித்த தொகை சுமார் 70 கோடி டாலர், உலகம் முழுவதற்கும்.

வங்கதேசம் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. 2010இலேயே சொந்த வரவுசெலவிலிருந்து பருவநிலைக்கென்று ஓர் அறக்கட்டளை நிதி ஒதுக்கியது. வெளியிலிருந்து வருவதில் பெரும்பங்கு கடன். கரையை உயர்த்தக் கடன், காப்பகம் கட்டக் கடன். மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருப்பதால் அந்தக் கடன்களில் சிலவற்றுக்கு வட்டி குறைவு. அந்தப் பட்டியலிலிருந்து வங்கதேசம் தேறி வெளியே வர ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குறித்த நாள் 2026 நவம்பர். தேறியதற்குப் பரிசாக அந்த வட்டி ஏறக்கூடும். கடல் பட்டியலைப் பார்த்து ஏறுவதில்லை.