முன்சக்கரத்துக்கு ஒரு கேலிப்பர்



கிள்ளானில் என் நண்பர் வீட்டுப் போர்ச்சில் மூன்று ஆண்டுகளாக ஒரு கார் உருவாகி வருகிறது. அது கடையில் வாங்கிய காரல்ல. சட்டகத்தை அவரே வெல்டிங் செய்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் பழைய கார்களிலிருந்து வந்தவை. இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. இப்படி வீட்டிலேயே பாகம் பாகமாகப் பூட்டிச் செய்யும் காரைத்தான் கிட் கார் என்கிறோம்.

நண்பரின் காருடைய பாணிக்கு மூதாதை லோட்டஸ் செவன். காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த கார் அது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அன்றைய இங்கிலாந்தில் கொள்முதல் வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், பலர் பெட்டி பெட்டியாக வாங்கிக் கராஜில் வைத்துப் பூட்டினார்கள். 1973இல் அதன் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்குப் போனது. நம் மலேசியாவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1996இல் லோட்டஸை நம் கார் நிறுவனமான புரோட்டோன் வாங்கியது. 2011இல் நம் நாட்டுத் தொழிலதிபர் டோனி பெர்னாண்டஸ் கேட்டர்ஹமை வாங்கிப் பத்தாண்டு வைத்திருந்தார்.

கார் ஓடத் தயாரான பிறகு நண்பர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “முன்னால் எந்தக் கேலிப்பர் போடலாம்?” என்பதுதான். மேசைமேல் ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தது. பழைய கார்களை வெட்டி விற்கும் பொத்தோங் கடையில் வாங்கிய நான்கு பிஸ்டன் கேலிப்பர்கள், சிவப்புச் சாயம் பூசியவை, ஒவ்வொன்றும் ஒரு செங்கல் அளவு. ஜப்பானில் பாதியாக வெட்டிய கார்கள் கப்பலேறி வந்து சேரும் ஊரில் இருக்கிறோம். நல்ல சாமான் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும்போது ஆசை வருவது இயல்பு.

கேலிப்பர் என்பது என்ன? சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் பேட்களால் நெரித்துப் பிடிக்கும் கைதான் கேலிப்பர். நீங்கள் பெடலை மிதித்தால் மாஸ்டர் பம்ப் எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனின் பரப்பு எவ்வளவோ அவ்வளவு பிடி.

நான்கு பிஸ்டன் என்றால் பிடியும் நான்கு மடங்கு என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல என்பதைக் கணக்கே காட்டும். சாதாரணக் காரில் இருக்கும் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர் வழிகாட்டிப் பின்களின்மேல் நகரக்கூடியது. பிஸ்டன் ஒரு பேட்டைத் தள்ளும்போது, கேலிப்பரின் உடல் நகர்ந்து மறுபக்கப் பேட்டை இழுத்து நெரிக்கும். நான்கு பிஸ்டன் கேலிப்பர் நகராது. பக்கத்துக்கு இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக நெரிக்கும். ஆகவே ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பைத்தான் ஒப்பிட வேண்டும். நண்பரின் காரில் இருந்த 54 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 22.9 சதுர செண்டிமீட்டர். 36 மில்லிமீட்டர் பிஸ்டன் இரண்டு சேர்ந்தால் 20.4தான். நான்கு பிஸ்டன் போட்டும் பிடி குறைகிறது! பெரிய காரிலிருந்து கழற்றிய கேலிப்பரில் ஒரு பக்கத்தில் 40, 46 மில்லிமீட்டர் என்று இரண்டு பிஸ்டன்கள் இருந்தால் 29.2 ஆகும். பிடி கால்வாசிக்கு மேல் கூடிவிடும். அவ்வளவு எண்ணெயை அதே மாஸ்டர் பம்ப் தள்ள வேண்டும் என்பதால், பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கும். அதனால் கேலிப்பர் வாங்கப் போகும்போது நிறத்தைப் பார்க்காமல் வெர்னியரை எடுத்துப் போய்ப் பிஸ்டனை அளந்து பாருங்கள்.

மேசைமேல் இருந்த சிவப்புக் கேலிப்பர் இந்தப் பெரிய வகைதான். அதன் 29.2 நண்பரின் காருக்கு நல்லதா? நல்லதல்ல என்பதுதான் என் முடிவு. அவர் கார் 600 கிலோ. முன்னால் எஞ்சின் கனக்கும் குடும்பக் காரில் பிரேக் பிடித்தால் எடையின் பெரும்பகுதி மூக்கில் வந்து உட்காரும். அதற்கேற்றபடி முன்பிரேக் பெரிதாக இருக்கும். செவன் பாணிக் காரோ தாழ்வானது, எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாக உட்கார்ந்திருக்கும். இதில் முன்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் முன்சக்கரம் சீக்கிரமே பூட்டிக்கொள்ளும், பின்பிரேக் தன் பங்கு வேலையைச் செய்யாது. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. கேலிப்பரை எவ்வளவு பெரிதாக்கினாலும் டயர் சாலையைப் பிடிக்கும் பிடிதான் கடைசி எல்லை. இப்போதிருக்கும் பிரேக்கே டயரைப் பூட்டும் என்றால், ஒரே ஒரு தடவை நிற்கும் தூரத்தைப் பெரிய கேலிப்பர் குறைக்காது.

அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு? சூட்டுக்கு. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் 600 கிலோ காரை நிறுத்தினால் ஏறத்தாழ 280 கிலோஜூல் சூடு உண்டாகும். நம் ஊர் வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்கு அருகே கொண்டுபோகும் சூடு அது. ஒரு தடவை நிறுத்தியதற்கே இவ்வளவு! மலை இறக்கத்தில் இதைவிட மோசம். கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கிருந்து ஆயிரம் மீட்டர் கீழே இறங்கும்போது, எஞ்சினைத் துணைக்குச் சேர்க்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால், அந்த 600 கிலோ காரே இப்படி இருபது முறை நிற்கும் சூட்டைச் சேர்த்துவிடும். உங்கள் வீட்டுக் கார் அதைவிடக் கனமானது. அதனால்தான் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

சூடு என்றதும் பிரேக் எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்க வேண்டும் என்பது தரம். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்த பிறகு அதே எண்ணெய்க்குத் தரம் கேட்பது 155 பாகைதான். நம் நாட்டின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி நசுங்கும், பெடல் தரைவரை இறங்கிவிடும். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துக் கேலிப்பர் மாற்றுகிறவர் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற யோசிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நண்பரும் நானும் கடைசியில் எடுத்த முடிவு இது. சிவப்புக் கேலிப்பரை விற்றுவிட்டோம். 38 மில்லிமீட்டரில் நான்கு பிஸ்டன் கொண்ட இலேசான அலுமினியக் கேலிப்பர் ஒரு ஜோடி தேடிப் பிடித்தோம். பக்கத்துக்கு 22.7 சதுர செண்டிமீட்டர், பழைய ஒற்றைப் பிஸ்டனோடு கிட்டத்தட்டச் சமம். பெடலின் தன்மை மாறவில்லை, ஒவ்வொரு முன்சக்கரத்திலும் எடை குறைந்தது, இரண்டு பேட்டும் ஒரே சீராகத் தேய்கின்றன.

தேடிப் பிடித்த ஜோடி ஏற்கெனவே பயன்படுத்தியது என்பதால் பிரித்துத்தான் ஆகவேண்டும். பிஸ்டனுக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை வைத்து, எண்ணெய்த் துளை வழியாகக் கொஞ்சமாகக் காற்றடித்தோம். சத்தத்தோடு பிஸ்டன் வெளியே வந்தது. உள்ளே, சீல் உட்காரும் காடியில் வெள்ளைப் பொடியாக அலுமினியத் துரு படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தத் துரு சீலை நெருக்கிப் பிடிக்கும், பிஸ்டன் திரும்பிப் போகாது, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பித்தளைக் கம்பியால் காடி முழுக்கச் சுரண்டினோம். ஒரு பிஸ்டனில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தது. அதை எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். அந்த விஷயத்தில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். அதற்கு முன் கேலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி, சக்கரத்துக்குள் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். விளிம்பில் இடிக்கிறதா என்பதை அட்டையில் தெரிந்துகொள்வது மலிவு, அலுமினியத்தில் தெரிந்துகொள்வது விலை அதிகம்.

எல்லாம் பூட்டி இரவு முழுக்க எண்ணெயிலிருந்து காற்றை எடுத்தோம். நான் பெடலை மிதிப்பேன், அவர் கேலிப்பரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறப்பார். ஒரு லிட்டர் தீர்ந்தும் பெடல் பஞ்சு போலவே இருந்தது. விடியற்காலையில், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அவருடைய மாமா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, நிப்பிள் கீழேயா இருக்கு? காத்து மேலேதானே போகும். அது எப்படி வெளியே வரும்?” என்றார்.

இடது கேலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் பூட்டியிருந்தோம். போல்ட் துளைகள் இரண்டு பக்கமும் பொருந்திவிட்டதால் சந்தேகமே வரவில்லை. மாற்றிப் பூட்டினோம். அரை மணி நேரத்தில் பெடல் கல் போல நின்றது. ரயில் பிரேக்கோடு வாழ்நாளைக் கழித்தவரின் கண்ணுக்கு அது ஒரு நொடியில் பட்டது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ரயில்வே குடும்பங்களில் இப்படிப்பட்ட கைகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. கராஜில் வேலை செய்யும் இளைஞர்கள் அவர்களைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும்.

இன்னொன்று. சாலையில் ஓடும் காரில் செய்யும் பல மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையில் ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் உருளைமேல் வைத்து அளப்பார்கள். இடமும் வலமும் சமமாக இல்லையென்றால் தெரிந்துவிடும். நண்பரின் கார் சாலைக்கு வரவில்லை. லாரியில் ஏற்றித்தான் செப்பாங் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோகிறோம்.

முதல் நாள் அங்கே மெதுவாக ஓட்டி, மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து முழுதாக நிற்காமல் பத்து முறை பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு, பேட்டையும் டிஸ்க்கையும் பழக்கினோம். ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு கேலிப்பர் போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை நண்பர் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார். போல்ட் தளர்ந்திருந்தால் அந்தக் கோடு உடைந்திருக்கும். டார்ச் அடித்து நான்கையும் பார்த்தோம். நான்கு கோடுகளும் நேராகவே இருந்தன. அடுத்த சுற்றுக்கு அவர் ஹெல்மெட்டை எடுத்தார்.